வரும்போதே கேட்க வேண்டிய கேள்வி

ஓர் ஆலையை ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு மாற்ற முடிவு செய்வோர் திட்டமின்றி எதையும் செய்வதில்லை. எந்த எந்திரத்தை எந்த வாரத்தில் கழற்றுவது, புதிய இடத்தில் அடித்தளம் இறுக எத்தனை நாள் ஆகும், மின் இணைப்பு என்று கிடைக்கும், இடைப்பட்ட நாள்களில் வாடிக்கையாளருக்குத் தடையின்றி அனுப்ப எவ்வளவு சரக்கை முன்கூட்டியே செய்து கிடங்கில் அடுக்குவது என இவை யாவும் நாள் பிசகாமல், காசு பிசகாமல் எழுதப்படுகின்றன. வழியில் எந்திரம் அடிபட்டால் ஈடு பெறக் காப்பீடும் செய்யப்படுகிறது. ஆனால் அந்த எந்திரத்தின் முன் பதினைந்து ஆண்டுகள் நின்ற மனிதன் என்ன ஆவான்? அவனைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று நான் கூறமாட்டேன். கடைசிப் பக்கத்தில், செலவினங்கள் என்ற தலைப்பின் கீழ், ஒரு வரியாக அவன் இருப்பான். இதில் கசப்பானது ஒன்று உண்டு. கிடங்கை நிரப்பும் அந்தச் சரக்கை மிகைநேரம் உழைத்துச் செய்து தருபவனும் அவனே. தன்னை வெளியேற்றும் நாளுக்கான முன்னேற்பாட்டைத் தன் கையாலேயே செய்கிறோம் என்பதை அவன் அறிவதில்லை.

கடைசிப் பக்கத்தில் கிடக்கும் அந்த வரி திட்டத்தின் முதல் பக்கத்துக்கு வரவேண்டும். அதை ஆலை வெளியேறும் நாளில் வாயிலில் நின்று கேட்டுப் பயனில்லை. ஆலை ஊருக்குள் நுழையும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இரு முனையிலும் நாம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இக்கேள்வி எதற்கு என்று வாசகர் சிலர் எண்ணலாம். 1993 செப்டம்பர் 30 அன்று தென் ஆற்காட்டிலிருந்து பிரிந்து உருவான நம் மாவட்டம், நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் கரும்புக்கும் பெயர் பெற்றதே அன்றி ஆலைகளுக்குப் பெயர் பெற்றதன்று. ஆயினும் நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இன்று எரிவது ஆலைச் சம்பளத்தால்தான். சென்னை செல்லும் நெடுஞ்சாலையும் அதன் அருகே ஓடும் தண்டவாளமும் நம் பிள்ளைகளை மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் அம்பத்தூருக்கும் கொண்டு சேர்த்திருக்கின்றன. வார இறுதியில் வீடு திரும்பி, ஞாயிறு மாலையில் மீண்டும் பையைத் தூக்கும் இளைஞரை ஒவ்வொரு பங்கும் அறியும்.

இது ஒரு முனை. மறு முனையும் இப்போது நம்மிடமே உள்ளது. திண்டிவனத்தை அடுத்த பெலாக்குப்பம், வெண்மணியாத்தூர்ப் பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. உணவுப் பூங்காவும் அதனோடு சேர்ந்தது. அங்கே 400 கோடி ரூபாய் முதலீட்டில் தனது தென்னிந்தியாவின் முதல் ஆலையை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அது புதிய கிளை. எங்கிருந்தோ பெயர்ந்து வருவதன்று. ஆனால் பெயர்ந்து வருவனவும் இனி வரும். மாநிலத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, சென்னையை ஒட்டிய மாவட்டங்களுக்கு அப்பால் செல்வோர்க்குக் கூடுதல் சலுகை தருகிறது. சென்னைப் புறநகரில் நிலத்தின் விலை ஏற ஏற, அங்கு ஆலை வைத்திருப்போரின் பார்வை இந்த நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கித் திரும்புவது இயல்பு.

அப்போது என்ன நேரும்? ஒரே வீட்டில் அண்ணன் அம்பத்தூரில் வேலை இழப்பான். தம்பி திண்டிவனத்தில் வேலை பெறுவான். அண்ணன் வாங்கிய ஊதியத்தில் பாதிக்கு, பயிற்சியாளன் என்ற பெயரில் தம்பி அமர்த்தப்படக்கூடும். அந்த வீட்டுத் தாய் அன்று சிரிப்பாளா, அழுவாளா? ஆலை வருகிறது என்று சுவரொட்டி ஒட்டி மகிழ்வோர் இக்கேள்விக்கு விடை சொல்லட்டும்.

நெடுஞ்சாலை கற்பித்த பாடம்

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் இழப்பு என்று காரணம் கூறிற்று. ஏறத்தாழ 4,000 பணியாளர் பாதிக்கப்படுவர் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1990-களின் இறுதியில் மறைமலை நகரில் எழுந்து, நெடுஞ்சாலையின் முகத்தையே மாற்றிய அந்த ஆலை 2022 ஜூலையில் ஓய்ந்தது. அறிவிப்புக்கும் கடைசிக் காருக்கும் இடையே பத்து மாதங்கள். இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பேச்சு மாதக்கணக்கில் நீண்டது.

அதே நிறுவனம் ஜெர்மனி நாட்டில் நடந்துகொண்ட விதத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே சார்லூயி நகரில் அதற்கு ஓர் ஆலை இருந்தது. புதிய மின்கார் வேலை ஸ்பெயினின் வலென்சியாவுக்கே செல்லும் என்று 2022 ஜூனில் முடிவாயிற்று. சார்லூயியில் கார் உற்பத்தி நின்றதோ 2025 நவம்பரில்தான். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவகாசம் இருந்தது. அதற்கிடையே இழப்பீடு பேசப்பட்டது. 1,000 பணியிடங்களை 2032 வரை காப்பதாகவும் உடன்பாடு எழுதப்பட்டது. ஒரே முதலாளி, ஒரே காலம், இரு நாடுகளில் இரு நடத்தை. அங்கே நிர்வாகத்தினர் நம்மவரைவிட நல்லவர் என்பதன்று காரணம். ஆலையை மூடவோ இடம் மாற்றவோ எண்ணும் முதலாளி, அதைத் திட்டமாக இருக்கும்போதே தொழிலாளர் மன்றத்துக்குத் தெரிவித்து, பாதிப்பை ஈடுசெய்யும் 'சமூகத் திட்டம்' ஒன்றை அவர்களோடு பேசி எழுத வேண்டும் என்று 1972 முதல் அந்நாட்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. சட்டம் கேட்ட இடத்தில் நிறுவனம் கொடுத்தது.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதையும் நாம் மறக்கத் தக்கதன்று. 2006-இல் தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்த அந்த ஆலையில் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் திரளாக உழைத்தனர். சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் சலுகைகள் யாவும் அதற்குக் கிடைத்தன. 2014-இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறின் காரணமாக இந்த ஆலை விற்பனைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள்! அதில் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண், இருபத்தாறு வயதில் 'அனுபவம் மிக்கவள், ஆகவே வேண்டாதவள்' என்று ஆனாள்.

பின்னர் இரு ஆலைகளுக்கும் புதிய உயிர் வந்தது உண்மையே. நோக்கியா வளாகம் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போய் மீண்டும் இயங்கிற்று. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் உற்பத்தி செய்ய ஃபோர்டு 2025 அக்டோபரில் மாநில அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2029-இல் உற்பத்தி தொடங்கும் என்றது. வரட்டும், வரவேற்போம். ஆயினும் கட்டடத்துக்குக் காத்திருக்கத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. 2022-இல் வேலை இழந்த நாற்பது வயதினனை 2029 வந்து என்ன செய்யும்?

முதலுக்கு யார் தந்த கால்கள்?

இங்கே கற்றோர் சிலர் ஒரு தடை எழுப்புவர். "லாபம் எங்கேயோ முதல் அங்கே செல்லும், தண்ணீர் பள்ளத்தை நாடுவது போல அது இயற்கை. இதில் அறம் பேசுவது பொருளாதாரம் அறியாமை" என்பர். நம் ஆலய வாயிலிலேயே, திருப்பலி முடிந்து நின்று பேசும் வேளையில், இவ்வாதம் ஒலிப்பதுண்டு.

தண்ணீர் தானாக ஓடுகிறது. ஆலை தானாக ஓடுவதில்லை. அது வந்தபோது நிலம் யார் கொடுத்தது? 1997-ஆம் ஆண்டின் தொழிற்பயன்பாட்டு நில எடுப்புச் சட்டத்தின் துணையால் உழவனிடமிருந்து எடுத்த நிலத்தை, சிப்காட் வழியே 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசு கொடுத்தது. சாலையும் தண்ணீரும் மின்சாரமும் பொதுப் பணத்தால் வந்தன. வரிச் சலுகை என்பது அரசுக் கருவூலத்துக்கு வராமற்போன நம் பணமே. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளையைப் பயிற்றுவித்ததும் ஊர்ப்பணம். இத்தனையும் பெறும்போது "இது பொதுநலன்" என்று சொன்ன வாய், போகும்போது "இது தனியார் முடிவு" என்று சொல்வது எவ்வகை நியாயம்? முதலுக்குக் கால்கள் உண்டு என்போரிடம், அக்கால்களை அதற்குக் கொடுத்தவர் யார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நிலத்துக்கோ கால்களே இல்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நானோ காருக்காக எடுக்கப்பட்ட நிலத்தை விட்டு, பெரும் போராட்டத்தின் பின் 2008 அக்டோபரில் டாட்டா நிறுவனம் குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. சில நாள்களிலேயே புதிய இடம் அறிவிக்கப்பட்டுவிட்டது. பழைய இடத்து உழவர்க்கோ நிலம் திரும்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2016 ஆகஸ்ட் 31 அன்று. எட்டு ஆண்டுகள் கழித்து, விளைநிலமாயிருந்தது கற்காரை கலந்த மண்ணாக அவர்கள் கைக்கு வந்தது. நிலம் எடுத்ததில் தவறு யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஆலைக்கு இடம் மாற நாள்கள் போதும். ஊர் மீண்டெழ ஆண்டுகள் வேண்டும் என்பதே நாம் காண வேண்டியது.

இடமாற்றமே பாவம் என்று நான் வாதிக்கவில்லை. கிண்டியிலும் அம்பத்தூரிலும் ஐம்பது பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளி, வாடகையும் வங்கித் தவணையும் நெரிக்க, ஊருக்கு வெளியே இடம் தேடுவதைக் குற்றம் என்று யார் சொல்வர்? நச்சுப்புகை விடும் ஆலை குடியிருப்பின் நடுவிலிருந்து வெளியேறத்தான் வேண்டும். நெருக்கும் நகரைவிட்டுத் தொழில் பரவுவது நம் மாவட்டத்துக்கு நன்மையே. கேள்வி எல்லாம் ஒன்றே: அந்த இடமாற்றத்தின் செலவை யார் சுமப்பது? இன்றைய வழக்கத்தில் எந்திரத்தின் பயணச் செலவை நிறுவனம் சுமக்கிறது. மனிதனின் பயணச் செலவை மனிதன் சுமக்கிறான்.

இடமாற்ற ஆணை என்னும் நாடகம்

ஆலை மாற்றங்களில் நேரிய மூடலைவிடக் கொடியது ஒன்றுண்டு. மூடுகிறோம் என்று சொன்னால் சட்டம் குறுக்கே வரும். ஆகவே மூடுவதில்லை. ஒவ்வோர் எந்திரமாகக் கழற்றப்படும். இரவுப் பணிமுறை முதலில் நிற்கும். பிறகு மாலைப் பணிமுறை. பின்னொரு நாள் தொழிலாளியின் கையில் ஒரு தாள் தரப்படும்: அடுத்த திங்கள் முதல் அறுநூறு கல் தொலைவிலுள்ள புதிய ஆலையில் பணியேற்க வேண்டும், ஊதியம் அதுவே, வராவிடில் தாமாகவே வேலையை விட்டதாகக் கருதப்படும்.

அவன் எப்படிப் போவான்? வீட்டுக்கடன் இங்கே, படுத்த படுக்கையான தாய் இங்கே, பத்தாம் வகுப்பில் தமிழ்வழி படிக்கும் மகள் இங்கே, மனைவி செல்லும் சிறு வேலையும் இங்கே. அங்கே வாடகை இருமடங்கு, மொழி வேறு. அவன் போகமாட்டான் என்பது அந்தத் தாளில் கையொப்பமிட்டவருக்குத் தெரியும். தெரிந்தே தரப்படும் வாய்ப்பு வாய்ப்பன்று. நீக்கத்தை விலகலாக மாற்றி எழுதும் வித்தை அது. அதற்குச் சட்ட உரை இருக்கலாம். மனச்சான்றின் முன் அது பொய்ச்சான்று.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இதனினும் தாழ்ந்தது. அவனுக்கு அந்தத் தாளும் கிடையாது. பத்தாண்டு அதே கூரையின் கீழ் உழைத்தாலும், அவனுடைய முதலாளி வெளியே இருக்கும் ஒப்பந்தக்காரர். ஆலைக்கு உதிரிபாகம் செய்துதந்த சிறு பட்டறைகளும், வாயிலில் இட்டிலி விற்ற பெண்மணியும், அறை வாடகைக்கு விட்ட முதியவரும் எந்தத் திட்டத்திலும் பெயராகக்கூட இருப்பதில்லை.

நாட்டுச் சட்டம் அறிந்த வழி

இதற்கெல்லாம் வழியே இல்லையா? இந்நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒருமுறை எழுதிக் காட்டியுள்ளது. தில்லி மாநகரில் 168 அபாயகரமான ஆலைகள் 1996 நவம்பர் 30-க்குள் இயக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அவ்வாண்டு ஜூலை 8 அன்று அது ஆணையிட்டது. ஆலைகள் வேறு ஊருக்குச் செல்லலாம். ஆனால் தொழிலாளர்க்கு என்ன உரிமை என்பதையும் அதே ஆணை வகுத்தது. புதிய இடத்தில் வேலை தொடர வேண்டும். பணி நிபந்தனைகள் தொழிலாளர்க்குப் பாதகமாக மாறலாகாது. பழைய ஆலை நின்று புதிய ஆலை இயங்கும் வரையிலான காலம் பணிக்காலமே. முழு ஊதியம் தர வேண்டும். உடன்செல்ல இசைவோர்க்கு, புதிய ஊரில் குடியேற ஓராண்டு ஊதியம் இடமாற்றத் தொகையாக வேண்டும். செல்ல இயலாதோர் விலகியவராகக் கருதப்படாமல் ஆட்குறைப்புக்கு ஆளானோராகவே கருதப்பட வேண்டும்; சட்ட இழப்பீட்டோடு ஓராண்டு ஊதியமும் தர வேண்டும். அந்த ஓராண்டு பின்னர் அவ்வாண்டு டிசம்பரில் ஆறாண்டாக உயர்த்தப்பட்டது.

இந்த ஆணை தாளில் இருந்த அளவு தரையில் இருக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத தற்காலிகத் தொழிலாளர் பலர் வெறுங்கையோடு போயினர் என்று தில்லியின் உரிமைக் குழுக்கள் அன்றே பதிவு செய்தன. இருப்பினும் ஓர் உண்மை நிலைத்துவிட்டது. தொழிலாளியை முன்வைத்து இடமாற்றத்தைத் திட்டமிடுவது நடவாத காரியம் என்று இனி எவரும் சொல்ல முடியாது. அதன் வாசகமே இந்நாட்டின் நீதி ஏட்டில் இருக்கிறது. அதை எடுத்துத் தன் திட்டத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு நிறுவனத்துக்குத் தடை எதுவுமில்லை; விருப்பம் ஒன்றே குறை.

சட்டம் செல்லும் திசையோ வேறு. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டப்படி 100 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள ஆலையை மூட, 90 நாள்களுக்கு முன் அரசின் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. 250 பேர் வேலை செய்யும் ஆலைக்கு இனி அந்த அனுமதி வேண்டியதில்லை. 60 நாள் அறிவிப்பு போதும். இழப்பீடோ அன்றுபோலவே, பணியாற்றிய ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்று 1976-இல் நம் அரசியல் சாசனத்தில் சேர்த்த 43-ஏ பிரிவு, வழிகாட்டும் நெறியாகவே உறங்குகிறது. டாபர் ஒப்பந்தத்தின்போது எதிர்பார்க்கப்பட்ட வேலைவாய்ப்பு சுமார் 250 என்பதை இங்கே நினைவில் கொண்டால், இந்த 300 என்ற எண் நம் திண்டிவனத்துக்கு என்ன பொருள்படும் என்பது விளங்கும். அந்த நிறுவனத்தின் மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊருக்கு வரப்போகும் ஆலைகளின் அளவைக் காட்டவே சொல்கிறேன்.

எந்திரத்தோடு வருவன

ஆலை போகும் ஊரின் இழப்பைப் பேசினோம். வந்து சேரும் ஊருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் வெப்பமானி செய்த ஆலை ஒன்று, 1980-களின் தொடக்கத்தில் அப்படியே பெயர்க்கப்பட்டு நம் கொடைக்கானலுக்கு வந்தது. மலைவாழ் மக்களுக்கு வேலை கிடைத்ததென்று ஊர் மகிழ்ந்தது. உடன் வந்தது பாதரசம். பின்னர் அந்த ஆலை இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கடையில் கிடப்பது தெரியவந்து, மக்கள் எழுந்தனர்; ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016 மார்ச்சில்! ஆலை மூடி பதினைந்து ஆண்டுகள் தொழிலாளர் அலைந்தனர். ஓர் ஊரைவிட்டு ஆலை ஏன் கிளம்புகிறது என்று வரவேற்கும் ஊர் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு அண்மையில் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த காலணி ஆலை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகிறது. அது நம் கிராமப் பெண்களுக்குத் தந்துள்ள தன்மானத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அத்தொழில் தைவானிலிருந்து சீனாவுக்கும் வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் பரவி நம்மிடம் வந்தது என்பதை நினைக்க வேண்டும். குறைந்த கூலியைத் தேடி வந்தது, கூலி உயரும் நாளில் அதே தேட்டத்தால் புறப்படவும் கூடும்.

திருச்சபைக்கு இதில் என்ன?

"சுவாமி, இது தொழிற்சங்கம் பேச வேண்டியது, நீங்கள் ஏன்?" என்று கேட்போர் இருப்பர். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலின் 40-ஆம் பத்தி, உற்பத்தியை வேறிடத்துக்கு மாற்றுவதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. அதனால் முதலாளி தொழிலாளர்க்கும் உதிரிபாகம் தருவோர்க்கும் இயற்கைக்கும் சமூகத்துக்கும் கடமைப்பட்டவர் என்னும் உணர்வு மங்கிவிடக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. அதற்கு முன் 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றிய மடலில் 'மறைமுக முதலாளி' என்ற கருத்தைத் தந்தார். ஊதியம் தருபவர் மட்டும் முதலாளி அல்லர். அவர் எப்படி நடக்கலாம் என்பதற்கு விதி செய்யும் அரசும் அமைப்புகளும் அப்பொறுப்பில் பங்காளிகள் என்பது அதன் கருத்து. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அரசு இதனின்று நழுவ முடியாது. வாக்களிக்கும் நாமும் முற்றிலும் நழுவ முடியாது.

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் வினவிய உவமையை நாம் அறிவோம். கணக்கிடுவது தவறன்று, கணக்கு முழுமையாக இருக்க வேண்டும். தொழிலாளியின் இழப்பைச் சேர்க்காமல் லாபம் காட்டும் இடமாற்றத் திட்டம், அடித்தளத்தின் செலவை மறைத்துக் கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதாகும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே திண்டிவனத்துக்கு வரும் ஒவ்வோர் ஆலையிடமும், அதற்குச் சலுகை வழங்கும் அரசிடமும் ஐந்தினை நாம் கேட்க வேண்டும். முதலாவது, ஒப்பந்தத்தின் வாசகம் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆலையை மாற்றவோ மூடவோ எண்ணினால் ஓராண்டுக்கு முன் தொழிலாளர்க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அறிவிக்க வேண்டும்; வங்கிக்குச் சொல்லும் நாளிலேயே தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும். மூன்றாவது, உடன்செல்வோர்க்கும் செல்ல இயலாதோர்க்கும் 1996-ஆம் ஆண்டுத் தில்லி ஆணையின் அளவுகோல். அதில் ஒப்பந்தத் தொழிலாளர் உழைத்த ஆண்டுகளும் எண்ணப்பட வேண்டும். நான்காவது, பெறும் சலுகையில் ஒரு பங்கு ஆண்டுதோறும் தனி வைப்பாக ஒதுக்கப்பட வேண்டும். வெளியேறும் நாளில் அதுவே இழப்பீட்டுக்குப் பிணை. ஐந்தாவது, வரும் நாளில் மண்ணும் நீரும் சோதிக்கப்பட்டு, போகும் நாளிலும் சோதிக்கப்பட வேண்டும்; வேறுபாட்டைச் சரிசெய்யாமல் குத்தகை முடியலாகாது.

"இத்தனை நிபந்தனை விதித்தால் ஆலை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டிக்குப் போய்விடும்" என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆதலால்தான் இதைத் திண்டிவனம் மட்டும் தனித்துக் கேட்டால் போதாது. மாநிலத்தின் தொழிற்கொள்கையிலேயே எழுத வேண்டும், ஒன்றிய அரசின் சட்டத்திலும் எழுத வேண்டும். ஆயினும் ஒன்று சொல்வேன்: போகும்போது நியாயமாகப் போவேன் என்று எழுதித் தர மறுப்பவர், எப்படிப் போவார் என்பதை இன்றே நமக்குத் தெரிவித்துவிடுகிறார். துறைமுகமும் சாலையும் கைத்திறன் மிக்க இளைஞரும் உள்ள மாநிலம் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

இதைக் கேட்பவர் யார்? நம் பங்குகளில் மேலாளர் இருக்கின்றனர். ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் இருக்கின்றனர். நிலம் விற்றவரும் தரகு பெற்றவரும் இருக்கின்றனர். மேலாளராக இருக்கும் பொதுநிலையினர், இடமாற்றத் திட்டம் தம் மேசைக்கு வரும் நாளில், "மனிதருக்கான பக்கம் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், கூட்டக் குறிப்பில் அது பதிவாகும். ஒப்பந்தக்காரர், தாம் அனுப்பும் ஒவ்வொருவரின் பெயரும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒழுங்காக ஏறியுள்ளதா என்று பார்க்கட்டும். தில்லியில் ஏட்டில் பெயரில்லாதவன் அடைந்த கதியை மறக்க வேண்டாம். திருச்சபையின் பள்ளிகளும் அச்சகங்களும் மருத்துவமனைகளும் பணியாளரை இடம் மாற்றும்போது இதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். இல்லையேல் நம் சொல்லுக்கு விலையிராது.

மே முதல் நாள் உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை ஏற்படுத்தினார். அதே நாளில்தான் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. பூசை முடிந்து கொடியும் கேக்கும் வழங்கிக் கலைந்துவிடுவது நம் வழக்கம். இனி அந்த நாளில் பெலாக்குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் இறைமக்கள், ஏனைய சமயத்துச் சகோதரரோடு சேர்ந்து கிராம சபையில் அமர்ந்து, மேற்சொன்ன ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லட்டும். அத்தீர்மானம் ஆட்சியரின் மேசைக்குப் போகட்டும். அடுத்த ஆண்டும் அதே நாளில் அது என்னவாயிற்று என்று மறுபடியும் கேட்கட்டும். வரும் ஆலையை மாலையோடு எதிர்கொள்வோம். மறுகையில் இந்தத் தாளும் இருக்கட்டும்.